பிளடிக்கு என்ன கருத்து

எங்கள் வீட்டில் ஒரு இங்கிலீசுச் சொல்லுக்குப் பல வருடங்களாகக் கருத்துத் தேடினார்கள். தேடியவர் என் ஐயா. அவருக்கு இங்கிலீசில் கையெழுத்து வைக்கவும் தெரியாது. சொல் ஒன்றும் பெரிய சொல் இல்லை. பிளடி. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேனை எழுதாவிட்டால் சொல்கிறார்கள், பஸ் பிந்தினால் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அந்தப் பிள்ளைகள் மேல் இல்லை. யார் மேல் என்று இந்த வயதிலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியில் இருக்கும் முரசுமோட்டைக்கு வந்து குடியேறியவர்கள். அங்கே எங்களுக்கு இருந்தது ஒரு துண்டுத் தோட்டக்காணி. இங்கே குளத்துத் தண்ணீர் பாயும் வயல் கிடைத்தது. ஐயா புகையிலை நட்டுப் பழகியவர். நெல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்தது சோறு மட்டும்தான் என்று அம்மா பகிடி பண்ணுவார். அது உண்மைதான். வயல் வேலை முழுவதையும் கண்டாவளையில் இருந்த ஒரு பழைய வன்னிக்காரரிடம் கேட்டுத்தான் ஐயா பழகினார். நாங்கள் அவரைக் கண்டாவளை அம்மான் என்று கூப்பிடுவோம்.

அம்மான் விதைக்கிற பருவத்தையும் தண்ணீர் கட்டுகிற அளவையும் சொன்னதோடு களத்துக் கட்டுப்பாடுகளையும் சொல்லிவைத்தார். களம் என்பது வெட்டிய நெற்கதிரைச் சூடாகக் குவித்து மிதித்து நெல்லைப் பிரிக்கிற இடம். அதற்குள் செருப்போடு போகக்கூடாது. பெண்கள் இறங்கக்கூடாது. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். ‘இல்லை’, ‘முடிஞ்சுது’, ‘காணாது’ என்ற சொற்கள் அங்கே வாயில் வரவே கூடாது. களத்தைச் சுற்றிப் பூதங்கள் நிற்குமாம். நாங்கள் பேசுவது விளங்கினால் பொலியை வாரிக்கொண்டு போய்விடுமாம். களத்துக்குள் நின்று சொன்னது பலிக்கும் என்றும் ஒரு கதை இருந்தது.

பழைய வன்னிக்காரர் இவற்றையெல்லாம் சாப்பிடமுன் கை கழுவுவதுபோலச் செய்துவிட்டுப் போவார்கள். யாராவது மறந்து பிசகினால் சிரித்துவிட்டு விடுவார்கள். ஐயாவுக்கு அப்படி விடத் தெரியாது. வந்தேறிய மண் தன்னை ஏற்குமோ ஏற்காதோ என்ற பயம் அவருக்கு உள்ளுக்குள் எப்போதும் இருந்தது. அதனால் அம்மான் ஒரு மடங்கு சொன்னால் இவர் நாலு மடங்கு கடைப்பிடித்தார். களத்தில் இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பார். சாப்பாடு கொண்டுபோகிற நான் வரம்பில் பெட்டியை வைத்துவிட்டு, இவ்வளவு பக்திக்கு இவரைக் கோயில் ஐயராக்கியிருக்கலாம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நிற்பேன்.

அண்ணன் எனக்கு மூத்தவன், ஒரே ஆண்பிள்ளை. அவனுக்கு மாடுகளில் நாட்டமில்லை. கிளிநொச்சியில் உழவு மெசின் என்கிற டிராக்டரை வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் ஓடப் பழகி, எங்கள் பகுதியில் மெசின் ஓடுகிற முதல் பெடியன்களில் ஒருவனாகிவிட்டான். மெசின் முதலாளி கொழும்பில் இருந்து வந்தவர். அவருடைய வாயிலிருந்து இங்கிலீசும் கிறீசும் ஒன்றாகவே அண்ணனில் ஒட்டிக்கொண்டன.

ஒரு மாசியில் சூடு மிதிக்க மாடு வேண்டாம், மெசின் கொண்டுவருகிறேன் என்று அண்ணன் நின்றான். ஐயா பல நாள் முரண்டுபிடித்துவிட்டு, அம்மா சொன்னதற்காக ஓம் என்றார். காலையில் மெசின் வந்தது. ஐயா அதன் நெற்றிக்குத் திருநீறு பூசினார். அது வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

வெயில் ஏறிய நேரம் மெசினின் பின்சில்லு களத்தின் ஈரப்பக்கத்தில் புதைந்து நின்றுவிட்டது. அண்ணன் இறங்கி மெசினின் தண்ணீர் மூடியைத் திறக்க, கொதிதண்ணீர் சீறி அவன் கையில் பட்டது. நான் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவன் கையை உதறிக்கொண்டு துள்ளுகிறான். ஐயா ஓடிப்போய்க் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது அவனுடைய காலை. இறங்கிய அவசரத்தில் அவன் மெசினில் கழற்றி வைத்திருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு களத்துக்குள் நின்றான்.

"செருப்பைக் கழட்டடா!" என்றார் ஐயா. "ஆர் ஆர் பாத்துக்கொண்டு நிக்கினம் எண்டு தெரியாதே உனக்கு?"

அண்ணன் வெந்த கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு சொன்னான். "உங்கட பிளடி களமும் உங்கட பிளடி பூதமும்!"

களத்தில் நின்றவர்களில் பாதிப்பேருக்கு அது என்ன பாஷை என்றே தெரியாது. ஐயாவுக்கு அந்தச் சொல் மட்டும் தெரியும். குடியேறிய புதிதில் அவர் குளக்கட்டு வேலைக்கு மண் சுமந்தவர். அங்கே இருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் விழுமாம். மண் கூடையோடு சறுக்கி விழுந்த ஐயாவைப் பார்த்தும் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். கருத்துத் தெரியாவிட்டாலும் அது எந்த இடத்தில் போய்க் குத்துகிறது என்பது ஐயாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"துரை என்னைச் சொன்ன சொல்லை நீ என்னைப் பாத்துச் சொல்லுறியோ?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. "இனி நீ எனக்குக் கொள்ளி வைக்கப்படாது. களத்துக்குள்ள நிண்டு சொல்லுறன்."

அண்ணன் மெசினைக் கிளப்பப் போனான். நாலைந்து பேர் பின்னால் நின்று தள்ளி அது வெளியே வந்தது. மிச்சச் சூட்டையும் அவனே மிதித்து முடித்தான், வெறுங்காலோடு. அன்று பின்னேரமே அந்த மெசினில் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. பிறகு வவுனியாவில் ஒரு மரக்காலையில் மரம் ஏற்றுகிற லொறி ஓடுகிறான் என்று கேள்விப்பட்டோம்.

அம்மா அழுதார். ஊர் கதைத்தது. கதைத்தவர்கள் எல்லோரும் அண்ணன் சொன்ன சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பெற்ற தகப்பனை இங்கிலீசில் ஏசிப்போட்டான், என்ன சொல்லோ, எவ்வளவு கேவலமான சொல்லோ என்று சனம் வாயைப் பிளந்தது. தெரியாத சொல் என்றபடியால் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த மோசமான கருத்தை அதற்குள் போட்டுப் பார்த்தார்கள்.

ஐயா முதலில் போனது பள்ளிக்கூட வாத்தியாரிடம். கோபத்தோடுதான் போனார். தனக்கு நடந்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று ஒரு படித்த மனுசன் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அது இரத்தம் சம்பந்தப்பட்ட சொல், இரத்தம் தோய்ந்தது என்று பொருள், நல்ல குடும்பத்தில் வாயில் எடுக்கமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஐயா வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றபடியே அம்மாவிடம், "என்ர இரத்தத்தைப் பழிச்சிருக்கிறான். அவனும் அந்த இரத்தம்தானே?" என்றார். அதற்குப் பிறகு ஒரு போகம் முழுக்க அண்ணனின் பேச்சை யாரும் எடுக்க முடியவில்லை.

ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுசன் எவ்வளவு காலம் வயல் செய்வது? வரம்பு கட்ட ஆள் காணாது. மாட்டுக்குக் குறி சுட, வேலி அடைக்க, எல்லாவற்றுக்கும் ஐயா தனியே நின்றார். அம்மா மோர்மிளகாய் காயவைக்கும்போது ஒரு போத்தல் தனியே கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைப்பார். யாருக்கு என்று நாங்கள் கேட்பதில்லை. ஐயாவும் கேட்பதில்லை. அதைப் பார்த்துத்தான் அவருடைய மனம் இளகியதை நான் அறிந்தேன்.

அதன் பிறகு ஐயா அந்தச் சொல்லைத் தேடிய விதம் மாறிப்போனது. இப்போது அவருக்கு வேண்டியது ஒரு சின்னக் கருத்து. மன்னிக்கக்கூடிய, லேசான, ஒரு கருத்து.

காய்ச்சல் மருந்துக்குக் கிளிநொச்சி போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மருந்து வாங்கி முடிந்த பிறகும் கதிரையை விட்டு எழும்பாமல் அப்போதிக்கரியிடம் கேட்டார். அப்போதிக்கரி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வாய்வுக்கு மருந்து கேட்டு வாறவையைக் கண்டிருக்கிறன் காணும், சொல்லுக்கு மருந்து கேட்டு வந்த முதல் ஆள் நீர்தான்" என்றார். "வெள்ளைக்காரனுக்கு அது சோத்துக்கு உப்பு மாதிரி. மழை எண்டாலும் போடுவான், வெயில் எண்டாலும் போடுவான். ஒரு கருத்துமில்லை. முந்தி அவங்கட ஊரில பெரிய இடத்துப் பெடியளுக்கு ‘பிளட்’ எண்டு பட்டமாம். குடிச்சுப்போட்டுத் தெருவில கூத்தடிக்கிற பெடியள். அவங்களைப்போல வெறி எண்டு சொல்லிச் சொல்லி வந்த சொல் எண்டும் சொல்லுறவை."

ஐயா திரும்பி வரும் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தார். கருத்தில்லாத சொல் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. கருத்தில்லாத ஒரு சொல்லுக்காகவா பிள்ளை வீட்டை விட்டுப் போனான்? குடிகாரப் பெடியள் கதையும் அவருக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் கள்ளுக்கூடத் தொட்டதில்லை.

கடைசியில் கருத்துச் சொன்னவர் மீன்காரர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற வேதக்கார மனுசன். ஒரு நாள் காலமை அம்மா மீன் பொறுக்கிக்கொண்டிருக்க, அவருடைய சைக்கிள் சாய்ந்து பெட்டி கவிழ்ந்துவிட்டது. அவர் வாயில் அந்தச் சொல் வந்தது. வந்த கையோடு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஐயா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தவர் எழும்பி வந்தார். "இப்ப சொன்னியள் ஒரு சொல். அதுக்கேன் சிலுவை போட்டனீங்கள்?"

"அதோ, அண்ணை?" மீன்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நான் முந்தி ஒரு வெள்ளைக்காரன்ர போட்டில வேலை செய்தனான். அங்க பழகின சொல். ஒருக்காப் பாவசங்கீர்த்தனத்தில எங்கட சுவாமியாரிட்டைச் சொன்னன். அவர் சொன்னார், மடையா, அது எங்கட மாதாவின்ர பேரெல்லோ எண்டு. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் எங்கட மாதா மேல ஆணை, எங்கட தாய் மேல ஆணை எண்டு சத்தியம் பண்ணுறவையாம். ‘பை அவர் லேடி’. அது வாய்க்க உருண்டு தேஞ்சு இப்பிடி வந்திட்டுதாம். தாயின்ர பேரை வீணாச் சொன்னதுக்கு எனக்குச் செபமாலை சொல்ல வைச்சவர்."

ஐயாவின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பிறகு அவரை அப்படிப் பார்க்கவில்லை. "இஞ்சேர், கேட்டியே?" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "தாயின்ர பேரடி! கை வெந்த நோவில பிள்ளை தாயைக் கூப்பிட்டிருக்கிறான்!" மீன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐயா அவருடைய பெட்டிக்குள் புது அரிசி கட்டி வைத்து அனுப்பினார். அம்மா அலுமாரிக்கு மேலிருந்த போத்தலை எடுத்துத் துடைத்தார்.

பின்னாளில் நான் பெரிய அகராதிகளைத் தேடிப் பார்த்திருக்கிறேன். மாதா கதைக்கு ஆதாரமில்லை என்கிறார்கள் அறிஞர்கள். கேட்க நன்றாக இருப்பதால் சனம் நம்புகிற கதையாம். வெறும் இரத்தம்தான், அல்லது அந்தக் குடிகாரப் பெடியள்தான் என்கிறார்கள். சரி, அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். அவர்கள் யாருக்கும் வவுனியாவில் ஒரு மகன் இருக்கவில்லை.

வவுனியாவிலிருந்து நெல் ஏற்ற வருகிற லொறிக்காரரிடம் ஐயா சொல்லியனுப்பினார். "ஐயா எல்லாத்தையும் மன்னிச்சிட்டார், கருத்துத் தெரிஞ்சு போச்சு, வரட்டாம் எண்டு சொல்லுங்கோ." போத்தலும் போனது. அடுத்த முறை லொறி வந்தபோது ஐயா றோட்டுக்கே போய் நின்றார். லொறிக்காரர் இறங்கி, "மோர்மிளகாயை வாங்கினவன். வரேலாதாம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அவ்வளவுதான் சொன்னவன் என்றார். ஐயா அடுத்த லொறிக்கும் போய் நின்றார். அதற்கு அடுத்ததற்கும். பிறகு விதைப்பு வந்துவிட்டது.

என் கலியாணத்துக்கும் அண்ணன் வரவில்லை. மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிவர வேண்டியவன் அவன். சித்தப்பாவின் மகன்தான் அதைச் செய்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு அண்ணனை மனதுக்குள் வைது தீர்த்தேன். அப்படி என்ன வீறாப்பு, அதுவும் மன்னித்த பிறகு?

என் கணவருக்குக் கிளிநொச்சியில் சைக்கிள் திருத்துகிற கடை இருந்தது. சாமான் எடுக்க அவர் வவுனியாவுக்குப் போன ஒரு நாள் நானும் போனேன். மரக்காலையில் அண்ணன் எண்ணெய் படிந்த சாரம் கட்டிக்கொண்டு வந்தான். மெலிந்து, ஐயாவின் சாயல் முழுக்க முகத்தில் இறங்கியிருந்தது. எங்களுக்குத் தேத்தண்ணியும் பணிசும் வாங்கித் தந்தான். நான் கோபத்தை அடக்கமாட்டாமல் கேட்டேன்.

"அண்ணை, ஐயா அந்தச் சொல்லை மன்னிச்சு எத்தினை காலம்? நீ ஏன் வாறாயில்லை?"

"எந்தச் சொல்?" என்றான்.

நான் சொன்னேன். அவன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "நான் சொன்னனானோ? இருக்கும். கை வெந்தது நினைவிருக்கு." சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு இருந்தான். "அதுக்கே ஐயா இவ்வளவு நாளும் கருத்துக் கேட்டுத் திரிஞ்சவர்? அவர் சொன்னதுக்கு ஒருத்தரிட்டையும் கருத்துக் கேக்கத் தேவையில்லைத் தங்கச்சி. தமிழில சொன்னவர். களத்துக்குள்ள நிண்டு, எல்லாருக்கும் முன்னால."

நானும் வரம்பில் நின்று கேட்டவள்தான். கேட்டது காதில் இருக்கிறது. ஆனால் அதை ஒரு பேச்சாக எங்கள் வீட்டில் ஒருவரும் எடுத்ததில்லை. தகப்பன் கோபத்தில் சொல்வதெல்லாம் ஒரு சொல்லா என்றே எல்லோரும் இருந்துவிட்டோம்.

ஊருக்கு வந்ததும் ஐயாவிடம் அப்படியே சொன்னேன். அவர் முற்றத்துக் கதிரையில் இருந்தார். மறந்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. வயல் பக்கம் திரும்பினார்.

"அந்த வருஷம் பொலி குறையேல்லைப் பிள்ளை" என்றார். "செருப்போட நிண்டான், சொல்லாத சொல்லெல்லாம் சொன்னம், எண்டாலும் பொலி குறையேல்லை. பூதம் ஒண்டும் கொண்டுபோகேல்லை எண்டு நானும் இருந்திட்டன்."

"ஐயா, நீங்கள் சொன்னதை எடுத்திட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, அண்ணை வந்திடும்."

"களத்தில சொன்னதை எப்பிடி எடுக்கிறது?"

நான் அன்றே கணவரை அனுப்பிக் கண்டாவளை அம்மானைக் கூட்டிவரச் செய்தேன். அவரும் வயதாகித் தடியூன்றி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஐயாவைப் பேசினார். "உனக்கென்ன விசரே? எங்கட ஆக்கள் களத்துக்க எத்தினை சண்டை பிடிச்சிருக்கினம், எத்தினை சாபம் போட்டிருக்கினம்! ஒரு பொங்கல் பொங்கிப் படைச்சுப்போட்டு அடுத்த நாள் ஒண்டா இருந்து சாப்பிடுவம். அவ்வளவுதான் தம்பி."

ஐயா தலையை ஆட்டினார். "உங்களுக்கு அது சரி அம்மான். நீங்கள் இந்த மண்ணின்ர ஆக்கள், உங்களுக்குப் பூதமும் விட்டுக்குடுக்கும். நாங்கள் வந்து குந்தினவை. எங்களுக்கு ஆர் விட்டுக்குடுக்கிறது?"

அம்மான் தடியை ஊன்றிக்கொண்டு எழும்பினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவருக்கு யார் சொன்னது, பூதம் பழைய ஆளையும் புது ஆளையும் பிரித்துப் பார்க்கும் என்று? அழுதும் பார்த்தேன், சத்தம் போட்டும் பார்த்தேன். அம்மா பொங்கல் பானையை மினுக்கி வைத்துக்கொண்டு பல வெள்ளிக்கிழமை காத்திருந்தார். ஐயா அசையவில்லை. மன்னிக்க அவருக்கு மனம் இருந்தது. ஆனால் தன் வாயால் வந்த ஒன்றைத் தன்னாலேயே திருப்ப முடியும் என்று அவர் நம்பவில்லை.

அவர் படுக்கையில் விழுந்தபோது சித்தப்பாவின் மகனையும் என் கணவரையும் பக்கத்தில் கூப்பிட்டார். "அவன் வருவான். வந்தாலும் கொள்ளியை அவன்ர கையில குடுத்திடாதேயுங்கோ. நான் களத்தில சொன்னது. மீறி வைச்சா அவனுக்குத்தான் ஆகாது. அவன் நல்லா இருக்கவேணும்" என்றார். கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான்.

அண்ணன் செத்தவீட்டுக்கு வந்தான். லொறியை றோட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அவன் விறகு பிளந்தான், பந்தலுக்குத் தடி நட்டான், ஒரு மகன் செய்கிற எல்லாவற்றையும் செய்தான். கொள்ளிச்சட்டியைச் சித்தப்பாவின் மகன் தூக்கியபோது ஒதுங்கி வழிவிட்டான். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து, "அண்ணை, அது கோபத்திலயில்லை. உனக்கு ஆகாது எண்டு பயந்துதான்" என்றேன். "தெரியும்" என்றான்.

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. நானும் அம்மாவும் வீட்டில் இருந்தோம். பின்னேரம் ஆண்கள் திரும்பி வந்தார்கள். அண்ணன் அவர்களோடு வரவில்லை, அப்படியே றோட்டுக்குப் போய் லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். என் கணவர் படலைக்கு வெளியே நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

"நெருப்புப் பிடிக்கும்வரைக்கும் உன்ர அண்ணை ஒரு பக்கமாத் தனிய நிண்டவர். பிடிச்சு எரியத் தொடங்க ஒரு சொல் சொன்னவர். வேறை ஒண்டும் சொல்லேல்லை. பிளடி எண்டு மட்டும்." அவருக்கு எங்கள் வீட்டுக் கதை முழுக்கத் தெரியும், ஆனாலும் கேட்டார். "அதுக்கு உண்மையா என்ன கருத்து?"

இரத்தம் என்று வாத்தியார் சொன்னார். ஒன்றுமில்லை என்று அப்போதிக்கரி சொன்னார். தாயின் பேர் என்று மீன்காரர் சொன்னார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர் குளித்துவிட்டு உள்ளே வருவதற்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனேன்.